முத்தோரைச் சரிவும் எமது சரிவுகளும்

நீலகிரி மாவட்டத்தில், உதகமண்டலத்துக்கு அண்மையில் முத்தோரை என்றோர் ஊர் இருக்கிறது. குளிர், பனிமூட்டம், உருளைக்கிழங்கு, கரட் என்று எமது நுவரெலியாவின் சாயல் முழுவதும் அதற்கு உண்டு. அவ்வூரின் மலைச்சரிவு ஒன்றில், தெற்கே கீழிருந்து தொடங்கி வடக்கே மேல்நோக்கி, 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட அமைப்பொன்று கிடக்கிறது. எமது மக்கள் ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவர மூங்கிலை நெடுக்காகப் பிளந்து பீலி வைப்பார்கள் அல்லவா? அப்படியொரு பீலியைப் பூதாகரமாகச் செய்து, மலையோடு மலையாகச் சாய்த்து வைத்தது போன்றது அது. அதில் தண்ணீர் நிற்காது. வளைந்த 24 உருக்குச் சட்டங்களும், அவற்றின் மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்ட 1,100 மெல்லிய துருப்பிடிக்காத கம்பிகளுமே அதன் உடம்பு. வானத்திலிருந்து வரும் வானொலி அலைகள் இக்கம்பிகளில் பட்டுத் தெறித்து, நடுவே ஒரு நேர்கோட்டில் குவிகின்றன. அக்கோட்டில் வரிசையாக நிற்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு அலைவாங்கிகள் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. இதுதான் ஊட்டி வானொலித் தொலைகாட்டி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவகம் கட்டியது. 1970 பெப்ரவரியில் இயங்கத் தொடங்கியது.

தோட்ட மக்களின் வீடு, சம்பளம், காணி பற்றி எழுத வேண்டிய இவ்விதழில் வான ஆராய்ச்சிக்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பதிலைச் சற்றுத் தள்ளி வைத்து, முதலில் அந்தச் சரிவைப் பார்ப்போம். விடயம் முழுவதும் அந்தச் சரிவில்தான் இருக்கிறது.

சரிவே இயந்திரம்

பூமி தன் அச்சில் சுழல்வதால் சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும் கிழக்கில் எழுந்து மேற்கில் மறைவதாக எமக்குத் தோன்றுகிறது. வானத்திலுள்ள ஒரு பொருளை நெடுநேரம் கவனிக்க விரும்பினால், கருவியும் அதனோடு கூடத் திரும்ப வேண்டும். லயத்துக் கதவை நினைத்துப் பாருங்கள். கீல் நேராக இருந்தால் ஒரு விரலால் திறக்கலாம். கீல் கோணலானால் கதவைத் தூக்கித் தூக்கித் தள்ள வேண்டும். தொலைகாட்டியும் அப்படித்தான். அதன் கீல் பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டால், கிழக்கிலிருந்து மேற்காக ஒரே வாக்கில் மெல்லத் திருப்பினால் போதும்.

பூமியின் அச்சுக்கு இணையான கோடு ஓர் ஊரின் தரையோடு எத்தனை பாகை சாய்ந்திருக்கும்? அவ்வூரின் அகலக்கோடு எத்தனை பாகையோ அத்தனை பாகை. உதகை ஏறத்தாழ 11.4 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஆகவே வடக்கு நோக்கி 11 பாகை அளவில் ஏறிச் செல்லும் மலைச்சரிவு ஒன்று அங்கே கிடைத்தால், மலையே கீலைத் தாங்கும் தூணாகிவிடும். நூறு அடி போனால் இருபது அடி ஏறும் சரிவு அது. சமவெளியில் இதே கருவியைக் கட்ட நினைத்தால் ஒரு முனையை ஏறத்தாழ நூறு மீற்றர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் கட்ட நினைத்தாலோ ஐம்பது பாகைக்கு மேல் சாய்ந்த மலை வேண்டும். அதை மலை என்பதிலும் பார்க்கச் சுவர் என்பதே பொருந்தும்.

தென்னிந்திய மலைகளில் தேடி, அந்தச் சரிவைக் கண்டெடுத்தவர் கோவிந்த் ஸ்வரூப். 1929-இல் உத்தரப் பிரதேசத்தின் தாக்கூர்துவாரா என்ற சிற்றூரில் பிறந்தவர். 2020 செப்டெம்பரில் காலமானார். பணக்கார நாடுகளின் பெருங்கருவிகளைப் பார்த்து ஏங்காமல், 'எம்மிடம் என்ன இருக்கிறது?' என்று கேட்டதே அவரது சிறப்பு என்று நாம் கருதுகிறோம். நிலநடுக்கோட்டுக்கு அண்மையான மலைகள் இருந்தன. இரும்பு வேலை தெரிந்த தொழிலாளரும் இளம் பொறியியலாளரும் இருந்தார்கள். தட்டுப்பாடெல்லாம் அந்நியச் செலாவணிக்குத்தான். இவற்றுக்குள் அடங்கும் கருவியை அவர் வரைந்தார். பெரும்பகுதியும் உள்நாட்டிலேயே செய்யப்பட்டது. இன்றும் ஒரே பொருளை ஏறத்தாழ ஒன்பதரை மணிநேரம் அது விடாமல் பின்தொடரக்கூடியது. வடக்குத் தெற்காகப் பார்வையை மாற்ற எந்த இயந்திரமும் வேண்டாம். அலைவாங்கிகளை இணைக்கும் மின்சுற்றுகளில் நுண்ணிய தாமதங்களைக் கொடுத்தே அதைச் செய்துவிடுகிறார்கள்.

இக்கதையில் எமது கொழும்புக்கும் சிறு பங்கு உண்டு. ஸ்வரூப் வேலைக்குச் சேர்ந்தது டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில். அதன் பணிப்பாளர் தென்தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், சர் சி. வி. இராமனோடு சேர்ந்து உழைத்தவர். அவர் 1952-இல் சிட்னியில் நடந்த மாநாடொன்றில் புதிய வானொலி வானியலைப் பற்றிக் கேட்டறிந்து திரும்பி வந்து, இளைஞரான ஸ்வரூப்பை அத்துறையில் ஈடுபடுத்தினார். அடுத்த ஆண்டு ஸ்வரூப்பும் இன்னோர் இந்திய இளைஞரும் அவுஸ்திரேலியா சென்றது, 1950-இல் கொழும்பில் கூடிய பொதுநலவாய மாநாட்டில் பிறந்த கொழும்புத் திட்டத்தின் புலமைப்பரிசிலில். அங்கே பயன்பாடு முடிந்திருந்த, ஆறு அடி விட்டமுள்ள 32 சிறிய கிண்ணங்களை அவுஸ்திரேலியர் பின்னர் இந்தியாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். 1965-இல் பம்பாய்க்கு அருகிலுள்ள கல்யாணில் அவற்றை நிறுவியே ஸ்வரூப்பின் இளைஞர் குழு தொழில் பழகியது. ஒருவர் கழித்த பொருளில் இன்னொருவர் கல்வி பெறுவது எமது தோட்டப் பாடசாலைகளுக்குப் புதிய செய்தியல்ல.

இரைச்சலுக்குள் இருந்த செய்தி

வானொலித் தொலைகாட்டி எதைக் கேட்கிறது? பழைய வானொலிப் பெட்டியில் நிலையம் தேடிக் குமிழைத் திருகும்போது இரண்டு நிலையங்களுக்கு நடுவே 'உஸ்' என்ற இரைச்சல் கேட்கும். அதில் பெரும்பகுதி பெட்டியின் சொந்த இரைச்சலும் இடிமின்னலின் குழப்பமுமே. ஆனாலும் ஒரு துளி வானத்தினுடையது. அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனமொன்றில் வேலை செய்த கார்ல் ஜான்ஸ்கி, 1930களின் தொடக்கத்தில், கடல் கடந்த தொலைபேசித் தொடர்பைக் கெடுக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். பழைய போர்ட் மோட்டார் வண்டியின் சில்லுகளின் மேல் ஓர் அலைவாங்கியை ஏற்றிச் சுற்றவிட்டுக் கேட்டார். மின்னலால் வருவன போக, எஞ்சிய மெல்லிய இரைச்சல் ஒன்று நாளுக்கு ஒருமுறை உச்சத்தை அடைந்தது. அந்த 'நாள்' 24 மணி அல்ல, 23 மணி 56 நிமிடம். அது நட்சத்திரங்களின் நாள். இரைச்சல் எமது பால்வீதியின் நடுப்பகுதியிலிருந்து வந்து கொண்டிருந்தது. கம்பனிக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டதால் ஜான்ஸ்கிக்கு வேறு வேலை கொடுத்தார்கள். ஒரு புதிய விஞ்ஞானம் நிர்வாகத்தின் கண்ணில் படாமலே பிறந்தது.

எமது மலைகளில் வாழ்பவர்களுக்கு இதில் மகிழ்ச்சியான சேதியொன்று உண்டு. வானொலி அலைகளுக்குப் பனிமூட்டம் ஒரு பொருட்டே அல்ல. மேகத்தையும் அவை ஊடுருவும். இரவு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, நண்பகலிலும் பார்க்கலாம். பூண்டுலோயாவில் ஆண்டின் பாதி நாள் நட்சத்திரம் பார்க்கக் கிடைக்காத பிள்ளைக்கும் வானொலியின் வானம் திறந்தே இருக்கிறது.

ஆனால் அந்த அலைகள் மிக மிக மெல்லியவை. சாதாரண கைத்தொலைபேசி ஒன்றைச் சந்திரனில் கொண்டுபோய் வைத்தால், இங்குள்ள தொலைகாட்டிகளுக்கு அது வானத்தின் பிரகாசமான வானொலிப் பொருள்களுள் ஒன்றாகிவிடும். உண்மையான வான்பொருள்கள் பெரும்பாலும் அதிலும் மங்கலானவை என்றால், கேட்பவன் எவ்வளவு காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஊட்டித் தொலைகாட்டியின் முதற் பெரும் பணிக்குச் சந்திரன் துணை செய்தது. எதிர் மலை லயத்தில் ஒரு விளக்கு எரிகிறது. நீங்கள் இருட்டில் நடந்து போகிறீர்கள். இடையிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையின் சுவர் விளக்கை மறைக்கிறது. சிறிய விளக்கானால் சட்டென்று மறையும். அகன்ற யன்னலின் வெளிச்சமானால் கொஞ்சங் கொஞ்சமாக மறையும். மறைந்த வேகத்தைக் கொண்டே விளக்கின் பருமனைச் சொல்லிவிடலாம். சந்திரனும் வானத்தில் நகரும்போது, அதற்கு அப்பால் மிகத் தொலைவிலுள்ள வானொலிப் பொருள்களை இவ்வாறே மறைத்துத் திறக்கிறது. சந்திரனின் விளிம்பு எந்தக் கணத்தில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரியும். எனவே அலை குன்றிய கணத்தையும் விதத்தையும் பதிந்துகொண்டால், அப்பொருளின் இடமும் பருமனும் கிடைத்துவிடும். 1970களில் இவ்வழியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அளக்கப்பட்டன. அன்றைய உலகில் வேறெங்கும் எளிதாகக் கிடைக்காத நுட்பமான அளவுகள் அவை.

எதற்காக இந்த அளவுகள்? அக்காலத்தில் விஞ்ஞானிகளிடையே ஒரு பெரும் விவாதம் நடந்து கொண்டிருந்தது. பிரபஞ்சம் என்றென்றும் இப்படியே இருந்து வருகிறது என்றது ஒரு சாரார். அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, அது விரிந்து மாறி வந்திருக்கிறது என்றது மறுசாரார். இரண்டாவது கருத்துக்கு அடிகோலியவர் பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குருவான அருட்தந்தை ஜோர்ஜ் லெமேற்றர் என்பது எமது வாசகர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். 1927-இல் விரியும் பிரபஞ்சம் பற்றியும், 1931-இல் அதன் தொடக்கம் பற்றியும் அவர் எழுதினார். தொலைவிலுள்ள வானொலிப் பொருள்கள், அதாவது மிகப் பழங்காலத்தில் இருந்த பொருள்கள், அண்மையிலுள்ளவற்றிலிருந்து பருமனில் வேறுபடுகின்றன என்று ஊட்டியின் அளவுகள் காட்டின. ஸ்வரூப்பும் அவருடன் பணியாற்றிய விஜய் கபாஹியும் 1975-இல் வெளியிட்ட ஆய்வுகள், பிரபஞ்சம் மாறிவந்திருக்கிறது என்ற தரப்புக்கு வலுச் சேர்த்தன. அதற்குள் லெமேற்றர் காலமாகிவிட்டார். 1965-இல் அமெரிக்கர் இருவர் கண்டறிந்த பிரபஞ்சத் தொடக்கத்தின் எஞ்சிய வெப்ப அலைகளைப் பற்றி மட்டும், 1966-இல் இறப்பதற்குச் சற்று முன்னர் அவர் கேள்விப்பட்டார்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இக்கோட்பாட்டைப் படைப்பு பற்றிய எமது விசுவாசத்தோடு சேர்த்துப் பேசியபோது, லெமேற்றர் அதை விரும்பவில்லை. விஞ்ஞானக் கோட்பாடு நாளை மாறலாம். அதன் மேல் விசுவாசத்தைக் கட்டக் கூடாது என்பது அவர் நிலை. மறைக்கல்வி வகுப்புகளில் 'விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது' என்று முழங்கும் எமது சகோதர குருக்கள் சிலருக்கு இதை அன்போடு ஞாபகப்படுத்துகிறோம்.

சந்திரன் வகுத்த வேலைநேரம்

தொலைகாட்டி நிலையம் என்றதும், தாடி வளர்த்த மேதை ஒருவர் குழாயில் கண்ணை வைத்துக் குனிந்திருக்கும் படமே பலர் மனதில் எழும். உண்மை வேறு. அது பெரும்பாலும் பராமரிப்பு வேலை. எமது தொழிற்சாலை வேலைக்கு நெருங்கிய உறவு. அரைக் கிலோமீற்றர் நீளமான சரிவில் சட்டங்களைத் திருப்பும் மோட்டார்களுக்கு எண்ணெய் வேண்டும். கம்பிகள் தளர்ந்தால் இழுத்துக் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் மின்சுற்றுகளுக்குள் புகும். இடிமின்னல் நுண்கருவிகளைப் பொசுக்கும். நீலகிரிப் பனியில் விடியற்காலையில் ஏணியில் ஏறுபவர் பட்டதாரியானாலும் தொழில்நுட்பவியலாளரானாலும் கைவிரல் விறைக்கத்தான் செய்யும்.

வேலைநேரத்தையும் கடிகாரம் தீர்மானிப்பதில்லை. சந்திர மறைப்பு ஆய்வு நடந்த காலத்தில், சந்திரன் எழும் நேரமே பெரட்டு நேரம். சந்திரன் நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி எழும். ஆகவே இந்த வாரம் மாலையில் தொடங்கிய வேலை அடுத்த வாரம் நள்ளிரவுக்குப் பின் தொடங்கும். குடும்பமுள்ளவர்களுக்கு இது இலகுவானதல்ல. பின்னாளில் பல்சர்கள் என்ற துடிக்கும் விண்மீன்களின் ஆய்வும், சூரியனிலிருந்து வீசும் துகள்காற்றைத் தொலைதூர வானொலிப் பொருள்களின் மினுக்கத்தைக் கொண்டு அறியும் ஆய்வும் அங்கே முதன்மை பெற்றன. அப்போதும் இரவு பகல் என்ற பேதம் இல்லை.

பல்சர் என்றதும் ஜோசலின் பெல் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. வட அயர்லாந்தில் 1943-இல் பிறந்தவர். பதினொரு வயதில் எழுதிய தெரிவுப் பரீட்சையில் தவறினார். அவருடைய பாடசாலையில் பையன்களை விஞ்ஞானத்துக்கும் பெண்பிள்ளைகளைச் சமையல் தையலுக்கும் அனுப்பியபோது பெற்றோர் போய் வாதாடினார்கள். அதன் பிறகே அவருக்கு விஞ்ஞான வகுப்பில் இடம் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியானதும், நாலரை ஏக்கர் நிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கம்பங்களை நட்டுக் கம்பி இழுத்துத் தொலைகாட்டி அமைத்த குழுவில் அவரும் சம்மட்டி பிடித்தார். பின்பு கருவி கக்கிய காகிதத்தை, நாளொன்றுக்கு நூறு அடி அளவில், கண்ணால் பார்த்துப் பார்த்து 1967-இல் முதலாவது பல்சரைக் கண்டுபிடித்தார். 1974-இல் நோபல் பரிசு அவருடைய மேற்பார்வையாளருக்குப் போயிற்று. 2018-இல் அவருக்கென வந்த முப்பது இலட்சம் டொலர் பரிசுப் பணம் முழுவதையும், பின்தங்கிய சமூகங்களிலிருந்து பௌதிகம் படிக்க வருவோரின் புலமைப்பரிசிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பெண்பிள்ளைக்கு எதற்குக் கணிதம் என்று கேட்கும் தகப்பன்மாருக்கு இதை வாசித்துக் காட்டலாம்.

இனி, அமைதி. இவ்வளவு மெல்லிய அலையைக் கேட்பவனுக்கு அயலின் இரைச்சலே முதல் எதிரி. அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா மாநிலத்தில் கிறீன் பாங்க் என்ற மலைக்கிராமத்தைச் சுற்றி, 13,000 சதுர மைல் பரப்பை 1958-இல் வானொலி அமைதி வலயமாக அறிவித்தார்கள். தொலைகாட்டியை அண்டிய பகுதியில் கைத்தொலைபேசிச் சேவை கிடையாது. பெற்றோல் எஞ்சினின் தீப்பொறிகூட இடைஞ்சல் என்பதால், தொலைகாட்டிக்கு அருகே டீசல் வாகனமே ஓடும். ஊட்டிக் கருவி கேட்கும் 327 மெகாஹேர்ட்ஸ் அளவிலான அலைவரிசை உலக ஒப்பந்தங்களில் வானியலுக்கென ஒதுக்கப்பட்டதுதான். ஆனாலும் உதகை இன்று உல்லாசப் பயணிகளின் நகரம். எல்லா இரைச்சலையும் சட்டத்தால் அடக்கிவிட முடியாது.

மலை யாருடையது?

இங்கேதான் அபிவிருத்திப் பணியாளரின் கேள்வி தொடங்குகிறது. அந்த அமைதிக்கு விலை கொடுப்பவர் யார்?

சீனாவின் குய்சோ மாகாணத்தில் மலைகளுக்கு நடுவிலுள்ள இயற்கைக் குழியில் 500 மீற்றர் விட்டமுள்ள பெருங்கிண்ணத்தை 2016-இல் கட்டி முடித்தார்கள். அதைச் சுற்றி ஐந்து கிலோமீற்றருக்குள் வாழ்ந்த 9,000-க்கு மேற்பட்ட கிராமத்தவரை இடம்பெயர்க்கும் திட்டமும் அதோடு வந்தது. புனேக்கு வடக்கே கோடாட் கிராமத்தில் ஸ்வரூப் அடுத்து எழுப்பிய பெருங்கருவி வேறு விதம். 45 மீற்றர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள், தக்காளியும் வெங்காயமும் திராட்சையும் விளையும் வயல்களுக்கு நடுவே 25 கிலோமீற்றர் பரப்பில் சிதறி நிற்கின்றன. விவசாயிகள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி 28 விஞ்ஞான தினத்தையொட்டி ஆயிரக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். ஆனால் அங்கும் உரசல் உண்டு. புனே–நாசிக் ரயில் பாதை தொலைகாட்டியின் அமைதியைக் கெடுக்கும் என்று வேறு வழியாகத் திருப்ப முடிவானபோது, ரயிலுக்காகக் காத்திருந்த நாராயண்காவ் பகுதி மக்கள் மனம் நொந்தார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல எம்மால் முடியவில்லை.

எமது திருச்சபையின் கையும் இதில் முழுச் சுத்தமானதல்ல. வத்திக்கான் வானாய்வகம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிரகாம் மலையில் 1993-இல் ஒளித் தொலைகாட்டியொன்றை இயக்கத் தொடங்கியது. அம்மலை அப்பாச்சி என்ற பூர்வகுடிகளுக்குப் புனிதமானது. அவர்கள் எதிர்த்தார்கள், எதிர்ப்பையும் மீறியே வேலை நடந்தது. சிவனொளிபாதமலைக்கு விரதமிருந்து ஏறும் எமது மக்களுக்கு அந்த வலி என்னவென்று விளக்கத் தேவையில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவில் பின்னர் வந்தவர்கள் சற்று நன்றாக நடந்துகொண்டார்கள். உலகின் மிகப் பெரிய வானொலித் தொலைகாட்டியின் ஒரு பாதி அங்கே எழுகிறது. அந்நிலத்தின் பூர்வகுடிகளான வஜாரி மக்களோடு 2022 நவம்பரில் ஒப்பந்தம் எழுதினார்கள். அவர்கள் மொழியிலேயே அவ்விடத்துக்குப் பெயர் சூட்டினார்கள். 'வானத்தையும் நட்சத்திரங்களையும் பகிர்தல்' என்பது அப்பெயரின் பொருள்.

நீலகிரிக்குத் திரும்புவோம். 1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியது. அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு 1968-இல் நீலகிரிக் காடுகளில் தேயிலை நடத் தொடங்கியது. பின்னர் 1976-இல் அது அரசுக் கூட்டுத்தாபனமாக இயங்கத் தொடங்கியது. கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் பூண்டுலோயாவின் உறவுகள் இன்றும் இருக்கின்றன. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, மலையேறியவர்கள். அதே மாவட்டத்தில், அதே ஆண்டுகளில், முத்தோரைச் சரிவில் உருக்குச் சட்டங்கள் எழுந்து கொண்டிருந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் பூண்டுலோயாக் குடும்பமொன்றுடன் நாமும் அவ்வுறவுகளைப் பார்க்கச் சென்றிருந்தோம். உதகைப் பக்கம் போய் வரும்போது தூரத்துச் சரிவிலே தெரியும் அந்த நீண்ட கம்பிப் பீலியைப் பற்றிக் கேட்டோம். "ஏதோ சாட்டிலைட்டுக்காரங்களோடது சாமி" என்றார் வீட்டுக்காரர். அங்கே பிறந்து வளர்ந்த அவருடைய மகனுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அது சாட்டிலைட்டுக்குரியதல்ல என்றும், ஏன் அந்தச் சரிவில் இருக்கிறது என்றும் நாம் மண்ணில் குச்சியால் கீறிக் காட்டியபோது, முதலில் புரிந்துகொண்டவர் வீட்டுக்காரரின் தாய். அறுபது ஆண்டுகள் சரிவில் நின்று கொழுந்து பறித்த கால்களுக்குச் சாய்வு தெரியும். "இந்தப் பக்கம் ஏறுமானம், அந்தப் பக்கம் வழுக்கல்" என்று அவர் சொன்னதிலேயே பாதிக் கணிதம் இருந்தது.

சோறு முதலில் என்ற வாதத்தையும் நாம் ஒதுக்கவில்லை. முத்தோரையில் வேலை நடந்த 1966–67-இல் பீகாரில் கடும் வறட்சி. இந்தியா வெளிநாட்டுக் கோதுமைக்குக் கை நீட்டிய காலம். அந்நேரத்தில் வானத்துக்குச் செலவழிக்கலாமா? எளிதான விடை இதற்கு இல்லை. ஒரு தகவலை மட்டும் முன்வைக்கிறோம். ஸ்வரூப்புக்கு அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த றொனால்ட் பிரேஸ்வெல், சூரியனின் வானொலிப் படத்தைத் துண்டு துண்டான அளவுகளிலிருந்து ஒன்றுசேர்க்கக் கணித முறையொன்றை வகுத்தார். நோயாளியின் உடலைப் பல கோணங்களில் படமெடுத்து ஒன்றுசேர்க்கும் சீ.ரி. ஸ்கேன் கணக்கிடலுக்கு அம்முறை பின்னாளில் உதவியது. கண்டி ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்காக வரிசையில் நிற்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அந்தச் சூரியப் படத்துக்கும் உறவு உண்டு. இதனால் எல்லாச் செலவும் நியாயமாகிவிடுகிறது என்று நாம் வாதிட வரவில்லை.

பூண்டுலோயாவில்

எமக்குச் சரிவு என்றால் இன்று வேறு நினைவு வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை மலையகமெங்கும் மண்ணைச் சரித்தது. சரிவுக்குக் கீழே லயம் கட்டியவர்கள் அங்கே குடியிருந்தவர்கள் அல்ல. எந்த மலையில் தேயிலை, எந்த ஓரத்தில் லயம் என்பதைத் தீர்மானித்தவர்களிடம் அளவுகோல் இருந்தது, குடியிருந்தவர்களிடம் இருக்கவில்லை.

இதுவே நாம் தள்ளி வைத்த பதில். சரிவை அளக்கத் தெரிந்தவன் ஒரு மலையில் உலகப் புகழ் கருவியைக் கட்டினான். அளக்கத் தெரியாத இடத்தில் எமது மக்களைக் குடியமர்த்திவிட்டுப் போனார்கள். தோட்டப் பாடசாலைகள் 1970களிலிருந்து படிப்படியாக அரசின் கைக்கு வந்தன, கட்டடங்கள் எழுந்தன, பட்டதாரிகளும் உருவாகியிருக்கிறார்கள். ஆனால் க.பொ.த. உயர்தரத்தில் கணிதப் பிரிவும் விஞ்ஞானப் பிரிவும் தமிழில் படிக்கக்கூடிய பாடசாலை இன்னும் பல பிள்ளைகளுக்கு எட்டாத தூரம். பஸ் காசுக்கும் தங்குமிடத்துக்கும் வழியில்லாமல் கலைப்பிரிவில் சேரும் கெட்டிக்காரப் பிள்ளைகளை நாம் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். கலைப்பிரிவு தாழ்ந்ததல்ல. தெரிவு செய்து போவது வேறு, வேறு கதவு திறவாமல் போவது வேறு.

பெருங்கருவிகள் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒரு பாடம் உண்டு. ஒரு பாகைமானி, ஒரு முழ நூல், ஒரு சிறு கல். பாகைமானியின் நேர்விளிம்பு மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பிடித்து, அதன் நடுப்புள்ளியில் கல் கட்டிய நூலைத் தொங்க விடுங்கள். ஒருவர் சரிவின் அடியில் நின்று, தன் கண்மட்ட உயரத்தில் அடையாளமிட்ட கம்பை மேலே ஒருவரிடம் கொடுத்து, விளிம்பின் வழியாக அந்த அடையாளத்தைப் பார்க்க வேண்டும். நூல் காட்டும் எண்ணுக்கும் 90-க்கும் உள்ள வித்தியாசமே சரிவின் பாகை. பூண்டுலோயா ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஆகவே இங்கே ஒரு வானொலித் தொலைகாட்டிக்கு, வடக்கு நோக்கி நூறு அடிக்குப் பன்னிரண்டேகால் அடி ஏறும் சரிவு வேண்டும். டன்சினன் பக்கமோ ஷீன் பக்கமோ அப்படியொன்று இருக்கிறதா என்று பிள்ளைகள் தேடிப் பார்க்கட்டும்.

அதே நூலோடு லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவையும் அளந்து, பாடசாலைக் கொப்பியில் திகதியோடு குறித்து வைக்கலாம். மழைக்காலத்தில் நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரமோ கம்பமோ, புதிதாகக் கசியும் அல்லது திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அளந்து கொண்டிருக்காமல் வீட்டைவிட்டு வெளியேறி, கிராம சேவகருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஏழு பாகைச் சரிவைக் கண்டுபிடிக்கும் பாடசாலைகள், தோட்டத்தின் பெயர், மலையின் இலக்கம், அளந்த பிள்ளைகளின் வகுப்பு ஆகியவற்றோடு எமக்கு எழுதுங்கள். வடக்குத் திசையைத் திசைகாட்டியால் சரிபார்த்த பின்னர் அனுப்பினால் நல்லது. இரும்புத் தூண்களுக்கும் தகரக் கூரைக்கும் அருகில் திசைகாட்டி பிழையாகக் காட்டும்.